நிறுவைப் புத்தகம்

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில்
கணக்கு என் கையில்.
காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பேன்,
சாயந்திரம் கொலுசாக நிறுத்து வாங்குவேன்.
இடையில் குறைந்தது சேதாரம்.
அதற்கும் பேரேட்டில் ஒரு பத்தி உண்டு.

முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் வரும்.
காரணமில்லாத கொட்டாவி.
தட்டுவடை செட்டுக்கு அலையும் நாக்கு,
அதுவும் காரம் தூக்கலாக.
தராசுக்குப் பெயர் மறந்து
"அந்த... அதை எடு" என்பேன்.

பிறகு இடது கண்ணோரம்
ஒரு சங்கிலி மினுங்கும்,
பல்பல்லாய், வளைந்து,
முத்துக் கோக்காத கொலுசு,
யார் காலுக்கும் அளவெடுக்காதது.
இருபது நிமிடம் பெரிதாகிக்கொண்டே போய்
எதிரில் நிற்கும் மாதப்பனின்
பாதி முகத்தைத் தின்றுவிடும்.
மீதி முகத்தோடு அவன்
"அக்கா, ஜோடி இருநூத்திப் பதினாலு" என்பான்.
கை எழுதிக்கொள்ளும்.

பதினோரு வருடம் மல்லுக்கு நின்றேன்.
சுக்குப் பற்று, தைலம், இறுக்கிக் கட்டிய ஈரத்துண்டு.
கோட்டை மாரியம்மனுக்கு
வெள்ளியில் ஒரு சின்னத் தலை
(பட்டறையிலேயே அடித்தது, நாற்பது கிராம்,
மாதப்பன் கூலி வாங்கவில்லை).
"வேலைக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு"
என்றாள் நாத்தனார், காதில் விழும்படி.
மிட்டாய்போல் தின்ற மாத்திரையே
கடைசியில் வலியானது.

அஸ்தம்பட்டி டாக்டர் முதலில் அதை நிறுத்தினார்.
"அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேம்மா.
வர்றப்போ கவனி. நோட்டுப் போட்டு எழுது."
எழுதுவதுதான் என் பிழைப்பென்று
அவருக்குத் தெரியாது.

பேரேட்டைப் பின்பக்கமாகத் திருப்பினேன்.
செவ்வாய்: இடது பொட்டு. ஜவ்வரிசி மில் வாடை. காலையில் சாப்பிடவில்லை.
வெள்ளி: பிடரியிலிருந்து ஏறியது. மழைக்கு முன்.
சனி: அதே. வாந்தி இரண்டு.
புதன்: ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று எழுதிய இடத்தில்
பேனா நின்றுவிட்டது.
இத்தனை வருடத்தில்
எத்தனை புதன்கள் இப்படிப் போயிருக்கும்,
வரவு வைக்காமல்.

இப்போது வந்தால்
சன்னலுக்குத் தார்ப்பாய், கட்டிலடியில் வாளி.
பல்லைக் கடித்திருக்கிறேனா, விடு.
தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, இறக்கு.
மூக்கு நுனியில் மூச்சு
சில்லென்று போய் வெதுவெதுப்பாய் வருவதைப் பார்.
சில நாள் அதுவும் முடியாது.
முடியாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.
ஆணி, சுத்தி என்றெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
கிட்டப் போனால் அது துடிக்கிறது,
ஓய்கிறது, துடிக்கிறது.
அந்த ஓய்வில் அரை நொடி இடமிருக்கிறது.
ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

பள்ளிவிட்டு வரும் மகள்
தார்ப்பாயைப் பார்த்ததும்
வாசலிலேயே கொலுசைக் கழற்றி
கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைக்கிறாள்.
கொலுசுக் காசில் வளர்கிற பிள்ளை.

போன மாதம்
குளுமைக்கு நல்லதென்று யாரோ சொல்லி
ஏற்காடு கிளம்பினோம்.
பதினோராவது வளைவில், நான் கேட்கும் முன்பே
சென்றாயன் வண்டியை ஓரங்கட்டினார்.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம் வெயிலில் கண்ணைக் குத்தியது.
அதற்கு முதுகு காட்டி
தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன்.
எதிர்ப்பாறையில் நீர் கசிந்துகொண்டிருந்தது,
சொட்டவில்லை, சும்மா கசிந்தது.
ஒரு மணிநேரம் கழித்துத் திரும்பிவிட்டோம்.
ஏரி பார்த்தாயா என்று கேட்கிறார்கள்.
பதினோராவது வளைவைப் பார்த்தேன்.

இன்று மூன்று மணிக்கே கொட்டாவி.
மகளுக்குக் காய்ச்சல் என்றுதான்
எப்போதும் லீவு சொல்வேன்.
முதலாளி நிமிர்ந்தார்.
"நாளைக்குத் தலைவலி வரும், நான் வரலை" என்றேன்.
தராசை மாதப்பனிடம் கொடுத்தேன்.
அதற்கு இன்னும் பெயர் ஞாபகமிருந்தது.

வழியில் ஒரு தட்டுவடை செட்.
காரம் தூக்கலாகவே.